பதின்மூன்றாம் வயதில் ஒரு விழா
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் பேசுவோர் பெரும்பாலும் புலவர்களாகவோ பேராசிரியர்களாகவோ இருப்பது வழக்கம். இம்முறை செயலாளர் அவர்கள் எழுத்தர் மேசைப் பக்கம் வந்து கேட்டுவிட்டார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, விடுப்புப் பதிவேடும் பயணப்படிப் பட்டியலும் எழுதித் தேய்ந்த கை எங்களுடையது. இலக்கிய நயம் கருதி வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்தக் கல்யாண் காலனியில் எங்கள் கட்டடத்தில் வாழும் நான்கு தமிழ்க் குடும்பத்தாரும் சேர்ந்து கண்டதையும், கேட்டு அறிந்ததையும் இங்கே சொல்லப் போகின்றோம். ஆகையால் 'நான்' என்று சொல்லாமல் 'நாங்கள்' என்றே சொல்லிச் செல்வோம்.

காதணி விழா, பூப்பு நீராட்டு, வளைகாப்பு, அறுபதாம் ஆண்டு நிறைவு என்று நம் இல்லங்களில் விழாக்களுக்குக் குறைவில்லை. விழா என்றதும் நாம் முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம்? மண்டபம், அடுத்து சமையற்காரர், அடுத்து புகைப்படக்காரர். எவருக்காக விழா நடக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுப்பதில்லை. புத்தாடை உடுத்தி, மணையில் அமர்ந்து, சொன்ன பக்கம் பார்த்துச் சிரித்தால் அதன் கடமை முடிந்தது. இதற்கு நேர்மாறாகத் திட்டமிட்ட விழா ஒன்றை 2023 ஜனவரியில் நாங்கள் கண்டோம். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அலுவலகத் தோழர் தம் மகனுக்கு நடத்திய விழா அது. அவர் யூதர். விழாவின் பெயர் பார் மிட்ஸ்வா.

யூதர் என்றவுடன் அயல்நாட்டார் என்று எண்ணிவிட வேண்டா. அவர்கள் பெனே இஸ்ரேல் எனப்படும் பிரிவினர். நம்மில் எவரைக் காட்டிலும் இந்த மண்ணுக்கு மூத்த குடிகள். அலிபாகை அடுத்த நவ்காவ் என்னும் ஊரின் கரையில் பன்னூறு ஆண்டுகட்கு முன் ஒரு கப்பல் உடைந்ததென்றும், ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் உயிர் தப்பினர் என்றும், அவர்தம் வழிவந்தோர் தாங்கள் என்றும் அவர்களிடையே வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கொங்கணக் கிராமங்களில் செக்காட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொடமாட்டார்கள். அதனால் ஊரார் இட்ட பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர். மறைநூல் கையில் இல்லாத காலத்திலும் அந்த ஒரு நாளின் ஓய்வை விடாமற் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எண்ணத்தக்கது. வீட்டில் பேசுவது மராத்தி. பெண் என்ற ஊரிலிருந்து வந்தவர் பெண்கர், ரோஹாவிலிருந்து வந்தவர் ரோஹேகர் என்று குடும்பப் பெயரும் மராத்தியர் பெயர் போலவே அமைந்திருக்கும்.

பம்பாய் வளர்ந்தபோது அவர்களும் நகரத்துக்கு வந்தார்கள். படையிலும், அஞ்சல் துறையிலும், நம் ரயில்வேயிலும் ஏராளமாகச் சேர்ந்தார்கள். சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்பவர் 1796-இல் அவர்களுடைய முதல் தொழுகைக்கூடத்தைப் பம்பாயில் கட்டினார். தாணேயில் உள்ள கூடம் 1879-இல் எழுந்தது. 'வானகத்தின் வாயில்' என்பது அதன் எபிரேயப் பெயரின் பொருள். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து புறப்பட்ட நாட்டின் முதற் பயணி வண்டி வந்து நின்ற ஊரும் இதே தாணே என்பதை ரயில்வேக் குடும்பத்தாரிடம் சொல்லாமற் போவது முறையன்று. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின் இவர்களிற் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றுவிட்டனர். இந்தியா முழுவதிலும் இன்று எஞ்சியுள்ள யூதர் ஏறத்தாழ ஐயாயிரம் பேரே. மகாராஷ்டிர அரசு 2016-இல் இவர்களைச் சிறுபான்மையினர் என முறைப்படி ஏற்றுக்கொண்டது. எங்கள் தோழரின் உடன்பிறந்தார் மூவரும் இஸ்ரேலில் இருக்கின்றனர். வயது முதிர்ந்த அன்னையாரும் மகளோடு அங்கேதான் இருக்கிறார்.

இனி விழாவுக்கு வருவோம். பார் மிட்ஸ்வா என்றால் 'கட்டளைக்கு உரிய மகன்' என்று பொருள். பதின்மூன்று ஆண்டு நிறைந்த யூதச் சிறுவன் அன்று முதல் மறைக் கட்டளைகளுக்குத் தானே பொறுப்பாளி ஆகிறான். அதுவரை அவன் செய்யும் குற்றங்குறை தந்தையைச் சாரும். பெண் குழந்தைக்குப் பன்னிரண்டு வயது. அப்போது அதன் பெயர் பாத் மிட்ஸ்வா. பெண் பிள்ளை கூட்டத்தின் முன் வந்து ஓதும் வழக்கம் மிகப் பிற்பட்டது. நியூயார்க்கில் 1922-இல் ரபி மார்டெக்காய் கப்ளான் தம் மகள் ஜூடித்தைச் சபை முன் நிறுத்தி ஓதச் செய்தார். பழமை வழுவாத கூடங்களில் இன்றும் அவ்வாறு செய்வதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழா நடத்தினால்தான் பையன் பொறுப்புக்கு உரியவன் ஆவான் என்பதில்லை. வயது நிறைந்தால் போதும், தானாகவே ஆகிவிடுகிறான். விருந்தும் மண்டபமும் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டவை. சபையார் முன் அவனைக் கூப்பிட்டு, மறைச்சுருளைத் திறந்து வைத்து, ஓது என்று சொல்வதுதான் அதன் உயிர்நாடி. எங்கள் தோழரும் அவர் மனைவியாரும் திட்டமிடத் தொடங்கியபோது இந்த ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்தார்கள்.

முதலில் நாள் குறிக்க வேண்டியிருந்தது. பையன் பிறந்தது 2010 ஜனவரி 14, நம் பொங்கல் நாள். அப்படியானால் 2023 ஜனவரி 14 அன்று பதின்மூன்று நிறையும் என்று நாம் சொல்வோம். அவர்கள் கணக்கு வேறு. எபிரேய மாதங்கள் நிலவின் வளர்வு தேய்வை ஒட்டியவை; பன்னிரண்டு நிலா மாதம் ஓர் ஆண்டுக்குப் போதாமையால், பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டுவர். வடநாட்டார் கூட்டும் அதிக மாதம் போன்றது இது. அவன் பிறந்த மறுநாள், அதாவது 2010 ஜனவரி 15 அன்று, தை அமாவாசை. இராமேசுவரம் பக்கத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்ததே, அந்த நாள். 2023-இல் தை அமாவாசை ஜனவரி 21-க்குப் போய்விட்டது. அதைப் போலவே பையனின் எபிரேயப் பிறந்த நாளும் 21-ஆம் தேதிக்கு நகர்ந்து, சனிக்கிழமையில் விழுந்தது. பிறந்த நாளை நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடும் நம் பாட்டிமாருக்கு இது உடனே விளங்கிற்று. ஆங்கிலத் தேதி மட்டும் அறிந்த நம் பிள்ளைகளுக்குத்தான் விளக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். தொழுகைக்குச் சிறந்த நாளும் அதுவே. ஆனால் அன்று வண்டியேறக் கூடாது, தீ மூட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எழுதவும் கூடாது. கல்யாணிலிருந்து தாணே இருபது கிலோமீட்டர். நடந்தா போவது? தொழுகைக்கூடத்தின் அருகில் எவர் வீட்டிலாவது வெள்ளி மாலையே சென்று தங்கலாம். உறவினர் பலருக்கு அது இயலாது. அலைபேசியைத் தொடக் கூடாதாகையால் இஸ்ரேலில் இருக்கும் பாட்டியார் பேரனின் குரலைக் கேட்கவும் வழியில்லை.

மறைச்சுருளைச் சனிக்கிழமை மட்டுமன்றித் திங்களும் வியாழனும் காலையில் திறந்து சிறிதளவு ஓதும் வழக்கம் இருக்கிறது. பண்டைக் காலத்தில் அவை சந்தை கூடும் நாட்களாம். ஊரார் ஒன்றுகூடும் நாளில் ஓதினால் எல்லார் காதிலும் விழும் அல்லவா? ஆதலின் பார் மிட்ஸ்வாவைத் திங்கள் அல்லது வியாழனிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவை வேலை நாட்கள். பதின்மூன்று வயது கடந்த ஆடவர் பதின்மர் கூடினாலன்றிச் சுருளைத் திறக்க இயலாது என்பது விதி. வேலை நாள் காலையில் பத்துப் பேருக்கு எங்கே போவது?

இந்த இடத்தில்தான் எழுத்தர் புத்தி வேலை செய்தது. விடுமுறைப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வாழ்பவர்கள் நாங்கள். 2023-இல் குடியரசு நாள் வியாழக்கிழமையில் வந்தது. பிறந்த நாள் கழிந்து ஐந்தாம் நாள். பதின்மூன்று நிறைவதற்கு முன் நடத்தலாகாது. பின் நடத்தத் தடையில்லை. தோழர் பட்டியலில் விரலை வைத்ததும் பாதித் திட்டம் முடிந்தது. அன்று புறநகர் வண்டிகள் ஞாயிறு அட்டவணைப்படி குறைவாகவே ஓடும் என்று எச்சரித்தது மட்டுமே எங்கள் பங்கு.

நாள் குறித்தாயிற்று. ஆனால் அதற்கும் ஓராண்டுக்கு முன்பே தொடங்கிய பணி ஒன்று உண்டு. அது பையனின் படிப்பு. எபிரேயத்தில் எழுத்து இருபத்திரண்டு. வலமிருந்து இடமாகச் செல்வது. அச்சிட்ட நூல்களில் உயிர் ஒலிகளைக் காட்டப் புள்ளியும் கோடும் இட்டிருப்பர். தோலில் கையால் எழுதிய மறைச்சுருளிலோ அவை ஒன்றும் இரா. மெய்யெழுத்துக்களின் வரிசை மட்டும் இருக்கும். நிறுத்தக் குறி கூடக் கிடையாது. நம் முன்னோர் ஓலைச் சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடாமலும், எகர ஏகார வேறுபாடு காட்டாமலும் எழுதி வைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சொல்லை முன்பே அறிந்தவனுக்கே அந்த எழுத்து வாய் திறக்கும். அன்றியும், அதை வெறுமனே படித்துவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய இராகம் இருக்கிறது. அதுவும் சுருளில் இல்லை. எல்லாம் நெஞ்சில் இருக்க வேண்டும்.

பையன் படிப்பது ஆங்கிலப் பள்ளியில்; பேசுவது மராத்தி; கூடி விளையாடுவது நம் பிள்ளைகளோடு. அவனுக்கு எபிரேயம் தாய்மொழியன்று. அங்காடி மொழியும் அன்று. வாரம் இருமுறை தாணேயில் ஓர் ஆசிரியரிடம் போய் வந்தான். மற்ற நாட்களில் ஆசிரியர் குரலை அலைபேசியில் பதிந்து வைத்துக்கொண்டு, மாடிப்படியில் அமர்ந்து ஓதிப் பார்ப்பான். குரல் உடையும் வயது அது. ஓரிடத்தில் சேவல் போலக் கூவும். மற்றோரிடத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வரும். கீழ்த்தளத்துப் பிள்ளைகள் முதலில் கேலி செய்தார்கள். ஆறு மாதம் கேட்டதில் அவர்களுக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் அவன் ஒரு சொல்லை விட்டுவிட்டு ஓதியபோது, கீழிருந்து நம் தமிழ்ப் பெண் குழந்தை ஒன்று அதை எடுத்துக் கொடுத்ததாம். பொருள் அவளுக்கும் தெரியாது.

அன்று ஓதவேண்டிய பகுதியை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. மறைநூல் ஐந்தையும் 54 பகுதிகளாகப் பிரித்து ஆண்டு முழுவதும் முறையே ஓதி வருவார்கள். எந்த வாரத்தில் ஒருவன் ஓத நிற்கிறானோ அந்த வாரத்துப் பகுதி அவன் பங்காக வரும். எங்கள் பையனுக்குக் கிடைத்தது யாத்திராகமத்தின் பத்தாம் அதிகாரத் தொடக்கம்: எகிப்து மன்னனிடம் மோசே சென்று, எம் மக்களைப் போகவிடு என்று கேட்கும் இடம். எவரெவர் போகிறீர்கள் என்று மன்னன் வினவுகிறான். இளையோரையும் முதியோரையும், ஆண்மக்களையும் பெண்மக்களையும் உடன்கொண்டு போவோம் என்று மோசே விடை சொல்கிறார். ஆடவர் மட்டும் போகட்டும் என்று மன்னன் பேரம் பேசுகிறான். வேலை தேடி வட நாட்டுக்கு ரயிலேறியபோது நம் பாட்டனார்களும் இந்தப் பேரத்துக்கு உட்பட்டுத்தானே தனியே வந்தார்கள்! மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, அறைக்கு எட்டுப் பேராகத் தங்கி, பின்னரே ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டனர்.

நமக்கும் எபிரேயத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர் இருக்கலாம். சாலமோன் மன்னனின் கப்பல்கள் தந்தமும் குரங்கும் மயிலும் கொண்டுவந்ததாகப் பழைய ஏற்பாட்டில் ஒரு செய்தி வருகிறது. அங்கே மயிலைக் குறிக்கும் சொல் 'துக்கி'. அது நம் 'தோகை' என்று கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக் காட்டினார். அறிஞர் பலரும் அவ்வாறே கருதுகின்றனர். பையனுக்கு இதைச் சொன்னோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாட்காட்டியில் முருகன் படத்தைக் காணும்போதெல்லாம் 'துக்கி' என்று சொல்லிவிட்டுப் போவான்.

விருந்தினர் பட்டியல் முதலில் முந்நூறு பேரைத் தொட்டது. அலுவலகம் முழுவதையும் அழைக்க வேண்டும் என்று தோழருக்கு ஆசை. அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பையன் ஓதும்போது உட்கார்ந்து கேட்கக் கூடியவர் எத்தனை பேர்? விருந்துக்கு மட்டும் வருவோரை வேறொரு நாள் தேநீருக்கு அழைக்கலாம் என்றார். பட்டியல் நூற்றுப் பத்தாகக் குறைந்தது. மிஞ்சிய பணத்தில் தெஃபிலின் வாங்கினார்கள். மறைவரிகள் எழுதிய தோலேட்டை உள்ளே வைத்துத் தைத்த இரு சிறு கருநிறப் பெட்டிகள் அவை. ஒன்றை இடக்கையில் நெஞ்சுக்கு நேராகவும், மற்றதைத் தலையிலும் வாரால் கட்டிக்கொண்டு காலைத் தொழுகை செய்வர். உள்ளே இருப்பது கைப்பட எழுதியதாகையால் விலை அதிகம்; இஸ்ரேலிலிருந்து சிற்றப்பா ஒருவர் கொண்டுவந்தார். ஓய்வு நாளில் இதை அணிவதில்லை. வியாழக்கிழமை வைத்துக்கொண்டதால் பையன் இதையும் அணிந்து நிற்க முடிந்தது.

சமையலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். தாய்மார்கள் அதற்காகவே காத்திருப்பது தெரிகிறது. யூதர் விதிப்படி இறைச்சியையும் பாற்பொருளையும் ஒரே உணவில் சேர்க்கலாகாது. பன்றி கூடாது. மீனில் செதிளும் துடுப்பும் உள்ளதே ஆகும். இறால், நண்டு ஆகா. கோழியானாலும் அதற்கென்று பயின்றவர் முறைப்படி அறுத்திருக்க வேண்டும். பெனே இஸ்ரேல் வீட்டுக் குழம்புகளில் பாலுக்கும் தயிருக்கும் பதிலாகத் தேங்காய்ப் பால் நிறைய இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் நாக்குக்கு அது அயலாகவே தோன்றாது.

கோழி போடுவதென்றுதான் முதலில் முடிவாயிற்று. அப்படியானால் பந்தியில் தயிர் கிடையாது. தயிர்ச் சோறு இல்லாமல் இலையை மடிக்க நம் பெரியவர்களால் ஆகுமா? கோழியா, தயிரா என்று எங்கள் கட்டடத்தில் மூன்று நாள் வாதம் நடந்தது. இறுதியில் அம்மையார் இஸ்ரேலில் உள்ள மாமியாரிடம் கேட்டார். வந்தவர்கள் வயிறு குளிர்ந்து போகட்டும், தயிரே இருக்கட்டும் என்று விடை வந்தது. முழுவதும் மரக்கறி உணவு என்று ஆயிற்று. மீன் குழம்பு முதல் நாள் இரவு உறவினருக்கு மட்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் இட்லி வார்த்துத் தருவதாக முன்வந்தார்கள். நம் பாத்திரங்கள் அவர்களுக்கு ஆகுமோ ஆகாதோ என்று தமக்குள்ளே தயங்கிக் கொண்டிராமல் நேரே கேட்டுவிட்டார்கள். அம்மையாரும் நேரே சொன்னார்: மாவு நீங்கள் அரையுங்கள், தட்டும் குண்டானும் நாங்கள் புதிதாக வாங்குகிறோம். அரிசியைப் பூச்சியில்லாமல் பொறுக்குவதில் அவர்கள் காட்டிய கண்டிப்பைக் கண்டு, நம் வீட்டுப் பெண்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

இனிப்பு அவர்களே செய்தது. கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய அல்வா. நெய் இல்லை. எங்களில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இது நம் அல்வாவின் தங்கை என்று தீர்ப்புச் சொன்னார்.

ஜனவரி 26. காலை ஏழரைக்குத் தொழுகை. நாங்கள் முந்தின வண்டியிலேயே சென்று சேர்ந்து, ஆடவர் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தோம். குடியரசு நாளாகையால் உறவினரில் இருவர் தத்தம் அலுவலகத்தில் கொடியேற்றத்தை முடித்துக்கொண்டுதான் வர இயலும். வேறு சிலர் வண்டியை எதிர்பார்த்து நடைமேடையில் நின்றார்கள். தொழுகை தொடங்கும் நேரத்தில் எண்ணிப் பார்த்தால் யூத ஆடவர் ஒன்பது பேர். நாங்கள் இருபதுக்கு மேல் இருந்தோம். ஆனால் எண்ணிக்கையில் நாங்கள் சேர மாட்டோம். தோழரின் முகம் வாடியது. அப்போது முதியவர் ஒருவர் எழுந்து வந்து, பையனின் தோளில் கையை வைத்து, இவனையும் எண்ணு என்றார். சென்ற வியாழக்கிழமை அவனை எண்ணியிருக்க முடியாது. பத்து ஆயிற்று, தொழுகை தொடங்கிற்று. கால் மணி நேரத்தில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

சுருளை மரப்பேழையோடு எடுத்துவந்து மேடையில் நிமிர்த்தி வைத்துத் திறந்தார்கள். தோலை விரலால் தொடக் கூடாதென்று, நுனியில் சுட்டுவிரல் வடித்த வெள்ளிக் கோல் ஒன்றைப் பையன் கையில் கொடுத்தார்கள். அவன் ஓதினான். பதினொரு வசனம். ஏழாவது வசனத்திலோ எட்டாவதிலோ ஒரு சொல் பிறழ்ந்தது. உடனே நாலா பக்கத்திலிருந்தும் திருத்தினார்கள்; மெல்லவும் இல்லை, சினந்தும் இல்லை. அவன் அந்தச் சொல்லைத் திரும்ப ஓதிவிட்டு மேலே சென்றான். அது விதியாம். பிழையாக ஓதினால் அங்கேயே திருத்திவிட வேண்டும். குழந்தையாயிற்றே என்று விட்டுவிடுவதில்லை. அன்று முதல் அவன் குழந்தையுமல்லன்.

ஓதி முடித்ததும் தந்தை எழுந்து ஒரு வாழ்த்தைச் சொன்னார். பொருள் கேட்டு வியந்தோம். இவனுக்காக இதுவரை நான் சுமந்த பொறுப்பிலிருந்து என்னை விடுவித்த இறைவனுக்குப் போற்றி என்பது அதன் கருத்து. பொறுப்பை விட்டேன் என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியதேன் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். அடுத்த கணம் பெண்கள் பகுதியிலிருந்து மிட்டாய் மழை பொழிந்தது. நம் பிள்ளைகள் இந்த ஒரு சடங்குக்கு முன்பே நன்கு பயிற்சி பெற்றிருந்தார்கள்.

இஸ்ரேலில் அப்போது விடியற்காலை ஐந்து மணி கூட ஆகவில்லை. நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு. பாட்டியார் போர்வையைப் போர்த்திக்கொண்டு அலைபேசித் திரையில் முழுவதையும் பார்த்துவிட்டு, முடிவில் மராத்தியில் இரண்டே சொல் சொன்னார்: நன்றாகக் கேட்டது. அங்கே குடியேறிய இவர்கள் அங்கும் மராத்தியில் பத்திரிகை நடத்தி வந்திருக்கிறார்கள் என்பதை இங்கே நினைவூட்டலாம். இங்கே இருந்தவரை எபிரேயத்தை விடவில்லை. அங்கே போன பின் மராத்தியை விடவில்லை.

மாலையில் வீட்டில் மலிதா என்னும் படையல். அவலை நனைத்துத் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் சேர்த்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எலியா தீர்க்கரை நினைந்து நன்றி கூறி உண்பது. பெனே இஸ்ரேல் மக்களுக்கே சிறப்பான வழக்கம் இது. நம் வீடுகளில் கோகுலாஷ்டமிக்குச் செய்யும் அவலுக்கும் அதற்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம்.

மொய் எழுதுவது பற்றி ஒருவர் கேட்டார். யூதர் பல நாடுகளிலும் பதினெட்டின் மடங்காகக் கொடுப்பர். உயிர் என்னும் பொருள்படும் எபிரேயச் சொல்லின் எழுத்துக்களைக் கூட்டினால் பதினெட்டு வருமாம். நாங்கள் நம் வழக்கப்படி நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று எழுதிவிட்டோம். அவர்கள் அதைக் குறையாகக் கொள்ளவில்லை.

அமெரிக்காவில் இதே விழாவைப் பெரும் பொருட்செலவில் ஆடம்பரமாக நடத்துவோரும் உள்ளனர். அங்கேயும் ஓதுதல் சுருங்கி ஆட்டபாட்டம் பெருத்துவிட்டதென்று அவர்களுக்குள்ளேயே குறை கூறுகின்றனர். ஆகவே எல்லாரும் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. எங்கள் மூன்றாம் மாடியில் நடந்ததைத்தான் சொன்னோம்.

இப்போது நம் வீட்டுக் கணக்கு. இந்த மண்டபத்தில் பத்திலிருந்து பதினைந்து வயதுக்குட்பட்ட நம் பிள்ளைகள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறீர்கள்? தமிழ் பேசுகிறீர்கள், மறுக்கவில்லை. இந்த மலரில் உங்கள் தாத்தா எழுதியுள்ள கட்டுரையை வாய்விட்டு ஒரு பக்கம் படிக்கக் கூடியவர் எத்தனை பேர்? மராத்தி வழி தேவநாகரி தெரியும். ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் தமிழ்க் குறுஞ்செய்தியை மட்டும் அம்மாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொல்கிறீர்கள். உங்களைக் குறை கூறவில்லை. மண்டபமும் சமையற்காரரும் தேடிக்கொடுத்த நாங்கள், உங்களுக்கு ஒரு வாசிப்பைத் தேடிக்கொடுக்கவில்லை. மாடிப்படியில் எபிரேயச் சொல்லை எடுத்துக் கொடுத்த அந்தப் பெண் குழந்தைக்குத் தமிழில் தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுத வராது என்பதை அவள் தந்தையாரே எங்களிடம் சொன்னார்.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கின்றோம். அடுத்த ஆண்டு விழா முதல், அவ்வாண்டில் பதின்மூன்று வயது நிறைந்த பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், இந்த மேடைக்கு வந்து ஒரு பக்கம் தமிழ் வாசிக்கட்டும். எந்தப் பக்கம் என்பதை வீட்டுப் பெரியவர் ஒருவர் தேர்ந்து கொடுக்கட்டும். பிழை வந்தால் கீழே அமர்ந்திருக்கும் நாம் திருத்துவோம். கைதட்டி மூடிவிட வேண்டா. பாட்டும் நடனமும் வழக்கம்போல் இருக்கட்டும். அவற்றுக்கு முன் இது நடக்கட்டும். பத்து மாதம் பயின்றால் ஒரு பக்கம் வராமற் போகாது.

வகுப்பு ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்க அறையில். கற்பிக்க இருவர் இசைந்துள்ளனர். ஞாயிற்றுக்கிழமை பணிமுறை வரும் வாரங்களுக்காக மூன்றாமவர் ஒருவர் தேவை. மேல் மாடித் தோழரின் மகனும் வந்து உட்கார அனுமதி கேட்டிருக்கிறான். 'துக்கி'யைத் தமிழில் எப்படி எழுதுவதென்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றைய விருந்துக்கு முன்பே செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். பந்தி தொடங்கிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது.